ஓர்வியேட்டோ: பாறை மேல் நிற்கும் பழைய ஊரை நடந்தே பார்க்க முழுமையான வழிகாட்டி

ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே ரயிலில் போகிறவர்கள் பலர் ஜன்னல் வழியாக இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். பள்ளத்தாக்கின் நடுவில் செங்குத்தாக எழும்பி நிற்கும் பழுப்பு நிறப் பாறை, அதன் விளிம்பு வரைக்கும் நெருக்கியடித்த வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேராலயம். இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கும் ஓர்வியேட்டோ இதுதான். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரோமில் இருந்து காலையில் கிளம்பி வந்து, பேராலய முகப்பின் முன்னால் நின்று படம் எடுத்து, ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டு நான்கு மணி ரயிலுக்கு இறங்கிவிடுகிறார்கள். அந்த ஊரை நேசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாறைதான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான துஃபா என்ற கல் அது. ஆயுதத்தால் சுலபமாகக் குடையலாம், அதே சமயம் குடைந்த சுவர் நிற்கும். நாலா பக்கமும் செங்குத்தாக இருப்பதால் எதிரி ஏற முடியாது, ஆனால் மேலே தண்ணீர் கிடையாது. ஊரின் கிணறுகள், குகைகள், மது, போப்புகள் இங்கே ஓடி வந்து பதுங்கியது என்று எதைப் பார்த்தாலும் இந்த இரண்டில்தான் போய் முட்டும். ஆகவே ஊரை மேலே ஒரு தடவை, பாறைக்கு உள்ளே ஒரு தடவை, பாறையைச் சுற்றி ஒரு தடவை என்று மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் காலை போதும்.

எப்போது போவது

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் கல் பாவிய தெருக்கள் வெயிலில் கொதிக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பி ஊர் மட்டும் மேலே தனியாக மிதக்கும் காலைகள் உண்டு, குளிருக்குப் பயப்படாதவர்கள் அப்போது போகலாம். ஆண்டு இறுதியில் உம்ப்ரியா ஜாஸ் விழாவின் குளிர்காலப் பதிப்பு இங்கே நடக்கும், அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நாள் தேர்வு செய்யும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள்: வியாழனும் சனியும் காலையில் பியாட்சா தெல் பொப்போலோ சதுக்கத்தில் சந்தை கூடும், ஞாயிறு காலையில் பேராலயத்தில் திருப்பலி நடப்பதால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். என்னைக் கேட்டால் வெள்ளி வந்து சனி மதியம் கிளம்புவது அருமையான கணக்கு.

போய்ச் சேரும் வழி

ரோம் தெர்மினி நிலையத்தில் இருந்து ரீஜனல் வெலோச்சே வகை ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஃப்ளாரன்ஸில் இருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த வகை ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, விலையும் அன்றன்றைக்கு ஏறி இறங்காது, ஆகவே மாதக் கணக்கில் முன்னால் டிக்கெட் எடுத்து வைக்க அவசியமே இல்லை. ஆனால் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன்பு பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார், வெளியூர்க்காரர் என்று தயவு காட்ட மாட்டார். இன்னொன்று, தெர்மினியில் இந்தப் பக்கம் போகும் ரயில்கள் சில சமயம் ‘எஸ்த்’ என்று போட்ட பிளாட்பாரங்களில் இருந்து கிளம்பும். அது நிலையத்தின் ஒரு கோடியில் இருக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நடையைக் கட்டிவிடுங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஊருக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகலாம் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. கேமரா உங்கள் எண் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளும், சில மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் மூலமாக அபராதம் வந்து சேரும். மேற்குப் பக்கம் பாறையின் அடியில் காம்போ தெல்லா ஃபியேரா என்ற பெரிய பார்க்கிங் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டால் பாறைக்கு உள்ளேயே அமைத்திருக்கும் லிஃப்டும் எஸ்கலேட்டரும் உங்களை ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

ரயிலில் வந்தால் இறங்குவது கீழ் ஊரில், அதன் பெயர் ஓர்வியேட்டோ ஸ்காலோ. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கம்பி வடத்தில் ஏறும் விஞ்ச் ரயில், இத்தாலியில் ஃபுனிக்கொலாரே என்பார்கள். 1888இல் தொடங்கியபோது மின்சாரம் இல்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அந்த எடையில் அது கீழே இறங்க, வடத்தின் மறுமுனையில் இருக்கும் பெட்டி மேலே ஏறும். 1970இல் நிறுத்திவிட்டு 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓட விட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்பும், மேலே போய்ச் சேரச் சில நிமிடம்தான். இரவில் சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறியதும் முதலில் கிணறு

விஞ்ச் வந்து நிற்கும் இடம் பியாட்சா காஹென், ஊரின் கிழக்குக் கோடி. இங்கிருந்து பேராலயத்துக்கு மினி பஸ் உண்டு, கூட்டம் மொத்தமும் அதில் ஏறிப் போய்விடும். நீங்கள் ஏறாதீர்கள். வலது பக்கம் நூறடி நடந்தால் சான் பத்ரீசியோ கிணறு. காலை பத்து மணிக்குள் போனால் அநேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. சிறைப்பட்டிருந்த போப் 7ஆம் கிளமென்ட் அந்த ஆண்டு டிசம்பரில் தப்பி வந்து சேர்ந்தது இந்தப் பாறைக்குத்தான். இங்கிலாந்து மன்னர் 8ஆம் ஹென்றி தன் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி 1528இல் தூதர்களை அனுப்பியதும் ஓர்வியேட்டோவுக்குத்தான், அப்போது போப்பின் அவை இங்கே இருந்தது. முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற கவலையில் போப் கிணறு வெட்ட உத்தரவிட்டார், வேலையை ஏற்றவர் கட்டடக் கலைஞர் அந்தோனியோ தா சங்கால்லோ. முடிந்தது 1537இல், அதற்குள் கிளமென்ட் இறந்து 3ஆம் பால் போப்பாகியிருந்தார்.

53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம். ஆழத்தைவிடப் பெரிய அதிசயம் படிக்கட்டு. கிணற்றுச் சுவருக்குள்ளேயே சுழன்று இறங்கும் பாதைகள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகின்றன, ஆனால் எங்கேயும் சந்திப்பதில்லை. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, அடியில் இருக்கும் சின்னப் பாலத்தைக் கடந்து, மற்றதில் ஏறி வெளியே வந்துவிடும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ள வழியே இல்லை. கழுதைக்காக வைத்த படி என்பதால் உயரம் குறைவு, அகலம் அதிகம். 248 படிகள், நடுக் கிணற்றைப் பார்த்தபடி 70 ஜன்னல்கள். இறங்கும்போது எதிர்ச் சுவரின் ஜன்னலைப் பாருங்கள், ஏறுகிறவர் ஒருவர் அங்கே தெரிவார், கையை ஆட்டினால் அவரும் ஆட்டுவார், ஆனால் அவர் நடக்கும் பாதைக்கு நீங்கள் போகவே முடியாது. கொஞ்ச ஆழத்துக்கு மேல் சுவர் வெட்டிய பாறையில் இருந்து செங்கல்லாக மாறுவதையும் கவனியுங்கள். துஃபா அங்கே முடிகிறது, அதற்குக் கீழே களிமண். களிமண் தானாக நிற்காது, அதனால் செங்கல் கட்ட வேண்டி வந்தது. மொத்த ஊரும் நிற்கும் அடித்தளத்தை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள், இறங்கின அத்தனையும் ஏற வேண்டும்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே பெல்வெதேரே என்ற எத்ருஸ்கர் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. ரோமானியர்களுக்கு முன்பே இந்தப் பாறையில் வாழ்ந்தவர்கள் எத்ருஸ்கர்கள். எதிர்ப்பக்கம் 14ஆம் நூற்றாண்டில் கார்டினல் அல்போர்னோஸ் கட்டச் சொன்ன கோட்டை, இப்போது பூங்கா. இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. கோட்டை மதிலில் இருந்து கீழே பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பலாம்.

கோர்சோ கவூர் வழியாக

பியாட்சா காஹெனில் இருந்து மேற்கே ஏறும் முதன்மைத் தெரு கோர்சோ கவூர். ஊரின் முதுகெலும்பு இதுதான், இதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறவே தவறாது. கடைகள் ஆரம்பத்தில் சாதாரணமாக இருக்கும், போகப் போகப் பீங்கான் கடை, மதுக்கடை, காட்டுப்பன்றி இறைச்சி தொங்கும் கடை என்று வரும். இருபக்கச் சந்துகளில் தாராளமாக நுழையுங்கள், ஊர் மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர் நீளம்தான், எந்தச் சந்தும் முடிவில் ஒரு பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே இருந்து திரும்பி வந்துவிடலாம்.

தெரு நடுவில் தோரே தெல் மோரோ கோபுரம் வரும், 47 மீட்டர். கொஞ்ச தூரம் லிஃப்ட், மிச்சம் படி. ஊரின் பழைய நான்கு வட்டாரங்களும் பிரிவது இந்த இடத்தில்தான். மேலே இருக்கும் பெரிய மணி முன்பு மக்கள் அரண்மனையில் தொங்கியது, அதன் மேல் அந்தக் காலத்துக் கைவினைச் சங்கங்களின் முத்திரைகள் பொறித்திருக்கும். நேரம் குறைவு என்றால் இந்தக் கோபுரத்தை விட்டுவிடலாம். ஆனால் ஏறினால் ஊரின் வடிவம் ஒரே பார்வையில் புரிந்துவிடும், பேராலயத்தின் கூரையும் கோடு போட்ட பக்கச் சுவர்களும் கண்ணுக்கு நேரே தெரியும்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையில் இருந்து இரண்டரைக்குள். அதற்குப் பிறகு போனால் சமையலறையை மூடியிருப்பார்கள், மறுபடி இரவு ஏழரைக்குத்தான். பேராலயச் சதுக்கத்தில் மேசை போட்டிருக்கும் இடங்களை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போங்கள், விலையும் குறையும் ருசியும் கூடும். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ போட்டிருந்தால் யாரும் ஏமாற்றவில்லை, அது அங்கே வழக்கமாக வாங்கும் மேசைக் கட்டணம். காபியைக் கவுன்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

இந்த ஊர்ப் பாஸ்தா உம்பிரிக்கெல்லி. முட்டை சேர்க்காமல் மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டிய, தடித்த நூல் மாதிரியான பாஸ்தா, பல்லில் கடிபடும். மண்ணுக்குள் விளையும் கறுப்புக் காளான், அதாவது ட்ரஃபிள் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், காரம் வேண்டும் என்றால் அரபியாத்தா சாஸ். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு காட்டுப்பன்றிக் குழம்பும் காட்டுப்புறாவும் உண்டு. புறா எப்படி இந்த ஊர்ச் சமையலில் வந்தது என்பது குகைக்குள் போனதும் புரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பேக்கரிகளில் நத்தை போலச் சுருட்டி வைத்திருக்கும் லுமாக்கெல்லே ரொட்டி பார்க்க வெறும் ரொட்டியாகத் தெரியும், உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். பருப்புச் சூப்பிலும் இறைச்சி சேர்ப்பது சகஜம். ‘நியென்தே கார்னே, நியென்தே பெஷே’ என்று சொன்னால் கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் பன்றித் துண்டைக் கறி என்றே கணக்கில் எடுக்காதவர்களும் உண்டு என்பதால் ‘நியென்தே பிரஷூத்தோ’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மது அருந்துகிறவர்கள் ஓர்வியேட்டோ கிளாசிகோ வெள்ளை மதுவை விட்டுவிட வேண்டாம். கிரெக்கெத்தோ, த்ரெப்பியானோ திராட்சைகளில் செய்வது. பாறைக்குள் குடைந்த நிலவறைகளின் குளிர்ச்சியில் புளிப்பு மெதுவாக நடந்து, சர்க்கரை முழுக்கக் கரையாமல் நின்றுவிடும், அதனால் பழைய காலத்தில் இந்த மது இனிப்பாகத்தான் இருந்தது. இப்போது பெரும்பாலும் இனிப்பில்லாத வகை. ‘அமாபிலே’ என்று கேட்டால் பழைய பாணியில் லேசான இனிப்போடு கிடைக்கும்.

பாறைக்கு உள்ளே

சாப்பிட்டு முடித்த நேரம் கடைகள் மூடிக் கிடக்கும், வெயிலும் ஏறியிருக்கும். உள்ளே இறங்கச் சரியான நேரம் அதுதான். நிலத்தடிச் சுற்றுலாவுக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், டிக்கெட் பேராலயச் சதுக்கத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆங்கிலத்திலும் உண்டு. காலையிலேயே அந்தப் பக்கம் போய் மதியக் குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் நல்லது. மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையில் இருக்கட்டும், கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். குறுகலான படிகள் உண்டு, மூடிய இடங்களில் மூச்சு முட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாறைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன, முக்கால்வாசி வீடுகளுக்குக் கீழே ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வீடு கட்டக் கல் வேண்டும், கல்லைத் தன் வீட்டுக்கு அடியிலேயே வெட்டி எடுத்தார்கள், எடுத்த இடம் கிடங்காகிவிட்டது. சுற்றுலாவில் கல் ஆலை, எண்ணெய் பிழிந்த இடம், எத்ருஸ்கர்கள் வெட்டிய ஒடுங்கிய கிணறு எல்லாம் காட்டுவார்கள். அந்தக் கிணறு ஒரு ஆள் நுழையும் அளவுதான். இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கச் சின்னக் குழிகள், அதில் மாற்றி மாற்றிக் கால் ஊன்றி இறங்கித்தான் வெட்டியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் கீழே இருட்டுதான்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது புறாக் குகை. சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரு புறா கூடு கட்டும் அளவு. ஒரு பக்கம் பாறை முகத்தில் ஜன்னல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். புறா அந்த வழியாகப் பறந்து போய்ப் பள்ளத்தாக்கில் தன் இரையைத் தானே தேடிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடும். முற்றுகை நாட்களில் எதிரி கீழே காவல் நிற்கும்போதும், இவர்கள் தீனி போடாமலே வளர்ந்த கறி மேலே தயாராக இருக்கும். இதை யோசித்தவரின் புத்தியை நினைத்து நான் வியக்காத தடவை இல்லை.

பேராலயம்: இங்கே அவசரம் வேண்டாம்

நிலத்தடியில் இருந்து வெளியே வந்தால் நேரே பேராலயச் சதுக்கம். அதன் முகப்பு மேற்கைப் பார்த்து நிற்பதால் பிற்பகலில்தான் வெயில் அதன் மேல் விழும், தங்கப் பின்னணி போட்ட மொசைக்குகள் பளபளக்கும். காலையில் வந்து போகிறவர்களுக்கு இது நிழலாகத்தான் தெரியும். எதிர்ப்பக்கக் கட்டடங்களின் சுவரை ஒட்டிக் கல் திண்ணை இருக்கிறது, முதலில் அங்கே போய் உட்காருங்கள்.

1290 நவம்பரில் போப் 4ஆம் நிக்கோலஸ் அடிக்கல் வைத்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடம் ஆட்டம் காணவே, சியெனாவில் இருந்து கட்டடக் கலைஞர் லொரென்சோ மைத்தானியை அழைத்து வந்தார்கள். 1330இல் இறக்கும் வரை அவர் இங்கேயே வேலை செய்தார். முகப்பின் திட்டம் அவருடையது. ரோஜா வடிவ ஜன்னல் ஆர்க்கான்யா என்ற கலைஞரின் வேலை. நடுக் கதவுகள் மட்டும் நம் காலத்தவை, சிற்பி எமிலியோ கிரேக்கோ செய்த வெண்கலக் கதவுகள் 1970இல் வைத்தவை.

எல்லோர் கண்ணும் மேலே மொசைக்குக்குப் போகும். நீங்கள் கீழே பாருங்கள். கதவுகளுக்கு இருபக்கமும் நான்கு அகலமான தூண்களில் பளிங்கில் செதுக்கிய கதை இருக்கிறது, இடமிருந்து வலமாக: உலகப் படைப்பு, இயேசுவின் முன்னோரான ஈசாயின் வம்ச மரமும் தீர்க்கதரிசனங்களும், இயேசுவின் வாழ்க்கை, இறுதித் தீர்ப்பு. முதல் தூணில் தூங்கும் ஆதாமின் விலாவைக் கடவுள் திறக்கிறார், பக்கத்திலேயே அந்த விலாவில் இருந்து ஏவாள் எழுகிறாள். கடைசித் தூணின் அடியில் தண்டிக்கப்பட்டவர்கள் கயிற்றில் கட்டி இழுபடுகிறார்கள், ஒருவன் வாயைப் பிளந்து கத்துகிறான், பிசாசு ஒன்று ஒருவனின் கையைக் கடிக்கிறது. பளிங்கில் பற்கள் தெரியும் அளவுக்கு நுணுக்கம். ஒரு தூணுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

உள்ளே போகும் டிக்கெட்டைக் கதவில் கொடுக்க மாட்டார்கள், பேராலயத்தின் பக்கத்துக் கட்டடத்தில் வாங்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். உள்ளே நுழைந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தூண்கள், கறுப்பு பசால்ட் கல், வெள்ளை ட்ராவெர்ட்டின். தூண்களை ஒட்டி நிற்கும் பன்னிரண்டு சீடர்களின் பெரிய சிலைகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேராலயம் பழைய கோலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி வெளியே எடுத்துவிட்டார்கள், 2019இல்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அவற்றோடு திரும்பிய பிரான்செஸ்கோ மோக்கியின் மரியாள், வானதூதர் சிலைகள் பீடத்தின் இருபக்கம் நிற்கின்றன. தூதர் அப்போதுதான் வந்து இறங்குகிறார், மரியாள் திடுக்கிட்டு நாற்காலியை விட்டு எழுகிறாள், இருவருக்கும் நடுவே இருக்கும் அந்த வெற்றிடத்தில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள்.

இடது பக்கச் சிற்றாலயம் இந்தப் பேராலயத்தின் பெயரோடு சேர்ந்துவிட்ட ஓர் அற்புதத்துக்கானது. 1263இல் பக்கத்து ஊரான பொல்சேனாவில் பொகீமியாவைச் சேர்ந்த ஒரு குருவானவர் திருப்பலி வைக்கும்போது அப்பத்தில் இருந்து இரத்தம் சிந்தி பீடத் துணியில் கறையானது என்று சொல்கிறார்கள், அந்தத் துணி இங்கே இருக்கிறது. அப்போது இந்த ஊரில் தங்கியிருந்த போப் 4ஆம் உர்பன் 1264 ஆகஸ்டில் இங்கிருந்தே கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகம் முழுவதற்கும் அறிவித்தார். அந்த விழாவுக்கான பாடல்களை அப்போது இங்கே இருந்த தாமஸ் அக்குவினாஸ் எழுதினார் என்பது மரபு. நற்கருணை ஆசீர் நேரத்தில் நம் ஊர்க் கோயில்களில் தமிழில் பாடுவதும் அவற்றில் ஒன்றின் மொழிபெயர்ப்புதான். விழா நாளில் ஊரே மத்திய கால உடையில் ஊர்வலம் போகும்.

வலது பக்கம் சான் பிரீட்சியோ சிற்றாலயம். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். 1447இல் ஓவியர் ஃப்ரா ஆஞ்சலிகோ கூரையில் தொடங்கி விட்டுப் போனதை, 1499இல் தொடங்கி 1504 வரை இன்னொரு ஓவியர் லூகா சின்யொரெல்லி முடித்தார். பணத்தோடு கோதுமையும் மதுவும் அவர் கூலியில் சேர்த்தி. உலக முடிவுதான் பொருள். நுழைந்ததும் இடது சுவரில் போலிக் கிறிஸ்து மேடையில் நின்று பேசுகிறான், முகம் கிறிஸ்துவைப் போலவே இருக்கிறது. அவன் காதோடு காதாகப் பிசாசு ஓதுகிறது. அவன் இடது கையை நன்றாகப் பாருங்கள், அது அவன் கையா, அங்கிக்குள் நுழைந்த பிசாசின் கையா என்று சொல்ல முடியாது. அந்தச் சித்திரத்தின் இடது கீழ் மூலையில் கறுப்பு உடையில் இருவர் நிற்கிறார்கள், முன்னால் நம்மைப் பார்ப்பவர் சின்யொரெல்லி, பின்னால் ஃப்ரா ஆஞ்சலிகோ. எதிர்ச் சுவரில் வெள்ளை வெளேரென்ற தரையில் இருந்து உடல்கள் முண்டி எழுகின்றன, சிலர் இன்னும் எலும்புக்கூடாகவே இருக்கிறார்கள், ஒருவர் கையை ஊன்றி இடுப்பு வரை வெளியே வந்துவிட்டார். அதற்கு அடுத்தது நரகத்துக்குப் போகிறவர்கள், சதையும் சிறகும் கயிறும் பின்னிக் கிடக்கும் கூட்டம். மைக்கலாஞ்சலோ இந்தச் சுவர்களை மெச்சினார் என்று கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார், அவர் ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏன் என்று உடனே தெரியும்.

வெளியே வந்தால் எதிரில் ஃபைனா அருங்காட்சியகம். எத்ருஸ்கர் பானைகளில் ஆர்வம் இல்லாவிட்டாலும் அதன் மாடி ஜன்னலில் இருந்து முகப்பை நேருக்கு நேர் பார்க்க ஏறலாம். சதுக்கத்தின் மூலையில் மௌரீட்சியோ கோபுரத்தின் உச்சியில் 14ஆம் நூற்றாண்டு வெண்கல மனிதர் ஒருவர் சுத்தியலால் மணி அடிப்பார், மணி நேரம் நெருங்கினால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மாலையில் மேற்கே

ஐந்தரை மணிக்கு மேல் ஊர் காலியாகும், கோர்சோ கவூரில் ஊர்க்காரர்கள் உலாவ வருவார்கள். அப்போது பியாட்சா தெல்லா ரெப்புப்ளிகாவைத் தாண்டி மேற்கே போங்கள். சந்த் ஆந்த்ரேயா கோயிலின் பன்னிரண்டு பக்கக் கோபுரத்தைக் கடந்ததும் சுற்றுலாக் கடைகள் குறைந்துவிடும், துணி காய்வது, பூந்தொட்டி, வாசற்படியில் பூனை என்று வீடுகள் தொடங்கும். வியா தெல்லா காவா தெருவில் 36 மீட்டர் ஆழமுள்ள எத்ருஸ்கர் கிணறு ஒன்று உண்டு, சான் பத்ரீசியோவுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு அது மாற்று. அப்புறம் மேற்கு விளிம்பில் 1004இல் தொடங்கிய சான் ஜோவெனாலே கோயில். சின்னது, இருட்டு, சுவரெல்லாம் பல நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய ஓவியங்கள், பாதி அழிந்திருக்கும். பேராலயத்தின் பகட்டைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் மனசு நிறைந்துவிடும். வெளியே மதில் ஓரத்தில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம்.

இரவு மேல் ஊரிலேயே தங்குங்கள். கீழே ஸ்காலோவில் அறை மலிவு, ஆனால் விஞ்ச் நின்ற பிறகு நீங்கள் ஊரில் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கொளியில் ஆளில்லாத சதுக்கத்தில் அந்த முகப்பைப் பார்ப்பதற்கு அந்த வாடகை வித்தியாசம் ஒரு விஷயமே இல்லை.

மறுநாள் காலை: பாறையைச் சுற்றி

காபி குடித்ததும் அனெல்லோ தெல்லா ரூப்பே பாதைக்கு இறங்குங்கள். பாறையின் இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் இரண்டு மணி நேரம். மேற்கே போர்த்தா மஜ்ஜோரே வாசல் வழியாக இறங்குவது சுலபம். மண்ணும் கல்லுமான பாதை, மழை பெய்த மறுநாள் வழுக்கும். தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கும் துஃபாவில் குகை வாய்களும் புறா ஜன்னல்களும் தெரியும், நேற்று உள்ளே இருந்து பார்த்த அதே ஜன்னல்கள். சில இடங்களில் பாறையில் இரும்பு ஆணிகள் அடித்து இறுக்கியிருப்பதையும் பார்ப்பீர்கள். அடியில் களிமண் நகர்வதால் விளிம்புகள் சரியத் தொடங்கின, 1978இல் இந்த ஊரையும் உம்ப்ரியாவின் இன்னொரு மலை ஊரான தோதியையும் காப்பாற்ற அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

வடக்குப் பக்கம் பாதையை ஒட்டிக் கிரோச்சிஃபிஸ்ஸோ தெல் துஃபோ என்ற எத்ருஸ்கர் இடுகாடு. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. துஃபாக் கல்லால் கட்டிய சின்னச் சின்ன வீடுகள், நேர்க்கோட்டில் தெருக்கள். ஒவ்வொரு வாசலின் மேல் கல்லிலும் அந்தக் குடும்பத்தின் பெயர் வலமிருந்து இடமாக வெட்டியிருக்கும், விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள், ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. வெல்ஸ்னா என்ற அவர்களின் நகரத்தை ரோமானியர்கள் கி.மு. 264இல் அழித்து மக்களைப் பொல்சேனா ஏரிப் பக்கம் குடியேற்றினார்கள், பிறகு நெடுங்காலம் இந்தப் பாறை வெறிச்சோடிக் கிடந்தது. அந்த மக்கள் விட்டுப்போனதில் இவ்வளவு அருகில் போய் நின்று பார்க்கக் கிடைப்பது இந்தத் தெருதான், ஆனாலும் பெரும்பாலும் இங்கே ஆள் இருக்காது.

அரை நாள் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்: பதினொரு மணிக்கு வந்து நேரே நிலத்தடிச் சுற்றுலா, சாப்பாடு, பிற்பகல் முழுக்கப் பேராலயம், விஞ்சுக்குத் திரும்பும் வழியில் தெம்பு இருந்தால் கிணறு. கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது நாள் மதியமும் மிச்சம் இருப்பவர்கள் பஸ் பிடித்து பஞ்ஞோரெஜோ போய், அங்கிருந்து நடைபாலம் வழியாக சிவித்தா என்ற குட்டி ஊருக்குப் போகலாம், அதுவும் கரைந்துகொண்டிருக்கும் ஒரு துஃபா பாறைதான். பஸ்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமையில் நம்பிப் போக வேண்டாம், திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே ஏறுங்கள்.